துரையை நாடு கடத்தினேன்

"இந்த வீட்டில் ஒன்று துரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் இருக்க வேண்டும்!"

தாது வருஷம் ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, இடது கால் பெருவிரலைக் கையில் பிடித்துக்கொண்டு, வலது காலால் மட்டும் நின்றபடி நான் இந்தச் சபதத்தைச் செய்தேன். ஒற்றைக் காலில் நின்ற நடராஜப் பெருமானுக்குக்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவசரப்பட்டு என்னைத் தேசபக்தன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் சொன்ன துரை வெள்ளைக்காரத் துரை அல்ல. ஆள் வெள்ளைதான். கண்ணும் நீலந்தான். யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து, நடுவீட்டில் உட்கார்ந்து அதிகாரம் செய்ததும் உண்மைதான். ஆனால் வால் உண்டு. மூன்று மாதப் பூனைக்குட்டி.

சித்திரையில் பெய்த ஒரு கோடை மழையில் நனைந்து, எங்கள் அடுக்களை ஜன்னல் வழியாக அது வந்து குதித்தது. என் சம்சாரம் பிரமு அதற்குத் தலை துவட்டி, தேங்காய்ச் சிரட்டையில் பால் வைத்து, 'துரை' என்று பேரும் வைத்துவிட்டாள். எங்களுக்கு ஒரே மகள். அவளைப் பாபநாசத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சத்தமே இல்லை என்று பிரமுவுக்கு ஒரு குறை இருந்தது. துரை வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. காலை முதல் இரவு வரை சத்தந்தான். எல்லாம் நான் போட்ட சத்தம்.

துரைக்கு என்மேல் விரோதம் ஏதும் கிடையாது. அதுதான் கொடுமை. விரோதி கடித்தால் கேஸ் போடலாம். நான் தென்காசியில் வக்கீல் குமாஸ்தா, எனக்குச் சட்டம் தெரியும். ஆனால் இவன் விளையாட்டாக அல்லவா கடித்தான்! கையை நீட்டினால் கையில் கடி. காலை நீட்டினால் காலில் கடி. கதவுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, பின்பக்கத்தை இரண்டு ஆட்டு ஆட்டி, ஒரே பாய்ச்சல்! குதிகாலில் நாலு பல்லும் பதியும். நான் 'ஐயோ' என்று துள்ளினால் அவனுக்கு உற்சாகம் இன்னும் ஏறும். ஆள் நல்லாத் துள்ளுதாரே என்று மறு காலையும் ஒரு கை பார்ப்பான்.

கையில் கட்டோடு ஆபீசுக்குப் போன முதல் நாள், வக்கீல் சங்கரபாண்டி கேட்டார்.

"என்ன வே, கையில கட்டு?"

"துரை கடிச்சிட்டாரு, சார்."

வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்தார். "எந்தத் துரை?"

"எங்க வீட்டுத் துரைதான்."

"உம்ம வீட்டுல துரை இருக்காரா? எப்ப இருந்து?"

"ஒரு மாசமா இருக்காரு, சார். எந்நேரமும் எம் பொண்டாட்டி மடியிலதான். நான் கிட்டப் போனாலே கடிக்க வந்திருதாரு."

வக்கீல் சட்டப் புத்தகத்தை மூடினார். பிறகு எழுந்துபோய்க் கதவையும் மூடினார். "மெதுவாச் சொல்லும் வே. ஊருக்குத் தெரியுமா?" என்றார். வால் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார்.

சிகிச்சைகள் பலவும் செய்து பார்த்தேன். மூக்கில் ஒரு தட்டுத் தட்டினேன். அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, தட்டிய விரலைக் கடித்தான். இரண்டு கையிலும் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டேன். மோந்து பார்த்துத் தும்மினான். கையை விட்டுவிட்டு, எண்ணெய் தடவாத முழங்காலைக் கடித்தான். வேப்பெண்ணெய்க் கையோடு நான் அன்றைக்கு மோர்ச் சோறு சாப்பிட்டேன். அந்தக் கசப்பு வெள்ளிக்கிழமை வரை போகவில்லை.

இதில் அக்கிரமம் என்னவென்றால், பிரமுவை அவன் கடிப்பதே இல்லை.

"நீங்க கையைக் காட்டி விளையாடுதீக. உங்க கையி ஒரு விளையாட்டுச் சாமான்னு அது நெனச்சிருக்கு," என்பாள் பிரமு. பழைய சேலைக் கிழிசலைத் திரித்து ஒரு கயிறாக்கி வைத்திருந்தாள். அதை ஆட்டினால் துரை அதோடு உருண்டு புரண்டு மல்லுக்கட்டுவான். "இப்படித் துணியைக் காட்டுங்க. கடிச்சா உடனே விளையாட்டை நிறுத்திட்டு, பேசாம எந்திரிச்சுப் போயிருங்க. தானா அடங்கும்."

"பூனைக்குப் பயந்து நான் எந்திரிச்சுப் போகணுமா? நான் யாரு தெரியுமாட்டி?"

"தெரியும். அதுக்குந்தான் தெரிஞ்சிருக்கே."

புதன்கிழமை நடந்தது இதுதான். வீட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒரு கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டாம்புப் பத்திரம். ஒரு எழுத்து பிசகக்கூடாது. மூன்று எல்லையும் எழுதி முடித்து, 'இதற்குக் கிழக்கு' என்று கடைசி வரிக்கு வந்தபோது, மேஜைக்குக் கீழே என் பெருவிரல் சற்று அசைந்திருக்கும் போலிருக்கிறது. பாய்ந்தான்! நான் துள்ள, மேஜை துள்ள, மைக்கூடு துள்ள, ஒரு நஞ்சை நிலம் முழுவதும் கறுப்பு வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. பத்திரத்தைத் திரும்ப வாங்கி எழுத வேண்டும். வக்கீலிடம் என்ன சொல்ல? மறுபடியும் துரை என்றா?

அப்போதுதான் அந்தச் சபதம். பிரமு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொன்னீக?"

"துரையா நானா, ரெண்டுல ஒண்ணுன்னேன்!"

அவள் துரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி துரையைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, சரி. தோசை ஆறுது. வாங்க," என்றாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து தெய்வம் என் கட்சிக்கு வந்துவிட்டது. ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே பிரமு ஒரு சேதி சொன்னாள்.

"இன்னைக்குக் கனி பாய் துணி கொண்டாந்தாரு. சாரலுக்குக் குற்றாலத்துல கடை போட்டிருக்காராம். எலித் தொல்லை தாங்கலையாம். துண்டுக் கட்டையெல்லாம் ஓட்டை போட்டிருதாம்."

முகம்மது கனி கடையநல்லூர்க்காரர். தறித் துண்டு, வேட்டி, கைலி வியாபாரம். எனக்கு இருபது வருஷச் சிநேகிதர். அவர் கடையில் எலி! என் வீட்டில் பூனை! என் மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "அப்படியா? பாவம்," என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை பிரமுவே ஆரம்பித்தாள். "அருவியில தண்ணி பாறை மறைய விழுதாமே. சனிக்கிழமை கோர்ட்டு லீவுதான? ஒரு எட்டுப் போயிக் குளிச்சிட்டு வாங்களேன். உடம்புச் சூடெல்லாம் தணியும்."

வெள்ளிக்கிழமை இன்னொன்று சொன்னாள். "நாளைக்கு வெள்ளனே நான் பெரிய கோயிலுக்குப் போயிருவேன். வர மதியமாயிரும்."

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. துரை பக்கத்தில் இருந்ததால் குதிக்கவில்லை.

சனிக்கிழமை பிரமு தெரு திரும்பியதும் காரியத்தில் இறங்கினேன். மூடி போட்ட பனையோலைப் பெட்டி ஒன்று, நல்லவேளையாக அடுக்களை வாசலிலேயே கிடந்தது. துரையைப் பிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கட்டிலுக்கடியில் ஒரு சண்டை, உறிக்குக் கீழே ஒரு சண்டை. கடைசியில் பிரமுவின் துணிக்கயிற்றைப் பெட்டிக்குள் ஆட்டிக் காட்டினேன். தானாக உள்ளே பாய்ந்தான். மூடினேன், கட்டினேன், கிளம்பினேன். வெற்றி!

குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதிரே இருந்த ஆளைப் பார்த்தேன். அடுத்த தெரு வைத்தியர் மந்திரமூர்த்தி! இவர் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் கஷாயம் கொதிப்பதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பிரமு காதுக்குத்தான் முதலில் போகும்.

"என்ன வே பால்வண்ணநாதன், பெட்டியில என்ன?"

"பலகாரம், வைத்தியரே. குளிச்சிட்டுச் சாப்பிட."

"மியாவ்," என்றது பலகாரம்.

வைத்தியர் முகம் சுருங்கிற்று. நான் சட்டென்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "மியா... க்கும்! மியா... க்கும்!" என்று இருமினேன். "இருமலு, வைத்தியரே. விட மாட்டேங்குது."

"எத்தனை நாளா இப்படி இருமுதீரு?"

"ரெண்டு மாசமா."

"இன்னொரு மட்டம் இருமும் பார்ப்போம்."

இருமினேன். பெட்டியும் கூடவே இருமிற்று.

"ரெட்டைக் குரல்லல்லா வருது! கபம் நெஞ்சுல ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது வே. லேசா விடாதேரும். ஆடாதோடைக் கஷாயம் ஒரு மண்டலம் குடிக்கணும். அது வரைக்கும் பலகாரம் ஆகவே ஆகாது. இங்கன கொண்டாரும், என்ன வச்சிருக்கீருன்னு பாப்போம்." நான் தடுப்பதற்குள் மூடியின் இடுக்கில் விரலை விட்டுவிட்டார்.

"ஆ!"

"முறுக்கு, வைத்தியரே! கைமுறுக்கு! வேக்காடு கொஞ்சம் முறுகிப் போச்சு. குத்திட்டுதா?"

வைத்தியர் விரலைச் சப்பிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். "உம்ம வீட்டு முறுக்கு பல்லை உடைக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுக்கே பல்லு உண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

குற்றாலம் வந்ததும் விழுந்தடித்து இறங்கினேன். மெல்லிய சாரல். அருவியின் இரைச்சல் கடைத்தெரு வரை கேட்டது. கனியின் கடை கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளப் பெட்டியை ஒரு கல்லின் மேல் வைத்தேன். ஒரே ஒரு நிமிஷந்தான்.

தொம்மென்று ஒரு சத்தம். கடுவன் குரங்கு! என் இடுப்புயரம் இருக்கும். பெட்டியைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சாய்ப்பின் கூரைமேல் ஏறிவிட்டது.

"ஏ! ஏ! விடு! அது பலகாரமில்ல! சத்தியமாப் பலகாரமில்ல!"

குளித்துவிட்டு வந்த கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. "பெட்டிக்குள்ள என்ன அண்ணாச்சி?" என்றார் ஒருவர். "துரை!" என்று கத்தினேன். எல்லோரும் இரண்டடி விலகி நின்றார்கள்.

குரங்கு நிதானமாகக் கட்டை அவிழ்த்தது. அந்தக் கணத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக எந்த ஜந்து ஒழிய வேண்டும் என்று நினைத்தேனோ, அதற்காகக் கூரையடிக்கு ஓடினேன். உள்ளங்கை அளவு குட்டி. அது எவ்வளவு பெரிய குரங்கு! பல் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்! தூக்கி எறிந்தால்? கடித்துவிட்டால்? "ஐயோ, எங்க துரை! யாராச்சும் ஏறுங்களேன்! எங்க துரையைக் காப்பாத்துங்களேன்!" என்று அலறினேன். கூரைக் கழியைப் பிடித்து நானே ஏறப் பார்த்தேன். வேட்டி ஆணியில் மாட்டிக்கொண்டது.

குரங்கு மூடியைத் திறந்தது. உள்ளே கையை விட்டது.

அவ்வளவுதான்!

அந்தக் குரங்கு போட்ட கூச்சலைக் கேட்டால் அருவி ஒரு விநாடி நின்றிருக்கும். கை முழுக்கத் துரை தொங்குகிறான்! நாலு பல்லும் நகமும் பதிந்து, கண்ணை மூடிக்கொண்டு தொங்குகிறான்! குரங்கு கையை உதறியது, சுழற்றியது, தன் கையைத் தானே அடித்தது. கடைசியில் துரை எகிறி என் தோளில் வந்து விழுந்தான். குரங்கு ஒரே தாவலில் மரத்துக்குப் போய், கையை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சபாஷ், துரை! போடு! அப்படிப் போடு!" என்று நான் நடுத்தெருவில் துள்ளினேன். கிழிந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துள்ளினேன். அந்தக் கடி எப்படிப்பட்ட கடி என்று எனக்கல்லவா தெரியும்! அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

சட்டைக்குள் நுழைந்துகொண்ட துரை நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சு என் நெஞ்சோடு படபடவென்று அடித்தது. நடுக்கத்தில் என் கட்டைவிரலை வாயில் கவ்வினான். பல் அழுந்தவில்லை. சும்மா பிடித்துக்கொண்டான். நான் விரலை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு முகம்மது கனி ஓடி வந்தார். என்னைக் கடைக்குள் அழைத்துப்போய், புதுத் துண்டு ஒன்றை உதறித் துரையைத் துவட்டினார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன கொண்டு வந்திருக்கீக?"

கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல பாய். இவன் கடிக்கான். அதான், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலாமேன்னு."

"ஒத்தையா வளருத குட்டி கடிக்கத்தான் செய்யும், அண்ணாச்சி. எங்க வீட்டுல அடிக்கடி சொல்லுவா. கூட ஒரு குட்டி வேணும்," என்றவர், கைலிக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்தார். சாம்பல் நிறம், வரி வரியாக. துரை வயதுதான் இருக்கும். "இங்க எலி பிடிக்கத் தாய்ப்பூனை இருக்கு. இது ஒண்ணுதான் மிச்சம். பாருங்க, வேடிக்கையை."

கீழே விட்டார். இரண்டும் முறைத்தன, சீறின, பிறகு கட்டிப் புரண்டன. துரை வழக்கம்போல வரிக்குட்டியின் காதை நறுக்கென்று கடித்தான். வீல் என்று கத்தி, அது துரையின் முகத்தில் விட்டதே ஒரு அறை! விளையாட்டு முடிந்தது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தும் கொண்டது. துரை திகைத்துப்போனான். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு மெதுவாகக் கிட்டப் போய், மறுபடி அதே காதைக் கவ்வினான். இந்தத் தடவை மெத்தென்று. வரிக்குட்டி திரும்பி, மறுபடி விளையாட ஆரம்பித்தது.

"கடிச்சா மத்தவனுக்கு வலிக்கும்னு இப்பத்தான் படிச்சான். ரெண்டு மாசமா உங்களால சொல்லிக் கொடுக்க முடிஞ்சுதா?" என்றார் கனி. "ரெண்டையுமே கொண்டு போங்க." சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வேட்டிக் கிழிசலைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் வண்டியில் பேச்சை ஒத்திகை பார்த்தேன். பூனையைக் கொடுத்துவிடக் கொண்டு போனது பிரமுவுக்குத் தெரியக்கூடாது. அதையே என் புத்திசாலித்தனமாக மாற்றிவிட வேண்டும். வக்கீல் குமாஸ்தாவுக்கு இது பெரிய காரியமா?

வீட்டுக்குள் நுழையும்போதே குரலை உயர்த்தினேன்.

"ஏட்டி பிரமு! நான் நாலு நாளா ஒரு விஷயத்தைத் தீர யோசிச்சேன். துரை ஏன் கடிக்கான்? கோபத்துலயா? இல்ல. ஒத்தையா வளருதான். அதுக்கு ஒரு சோடி வேணும். இது சாதாரணமா யாருக்கும் தோணாது. எனக்குத் தோணிச்சு."

"அப்படியா?" என்றாள் பிரமு, கண்ணை அகல விரித்து.

"ஒங்கிட்டச் சொன்னா வேண்டாம்பேன்னுதான் சொல்லாமக் கொண்டு போனேன். கனி பாய் கொடுக்க மாட்டேன்னாரு. நான் விடல. பேசிப் பேசி வாங்கிட்டு வந்தேன்."

"யம்மா! எம்புட்டு யோசனை! அலைஞ்சு வந்திருக்கீக, கையைக் காலைக் கழுவிட்டு வாங்க."

இந்த மாதிரி மரியாதை எனக்குக் கல்யாணத்தன்று கிடைத்தது. கையில் வரிக்குட்டியும் தோளில் துரையுமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.

சுவரோரமாக இரண்டு சிரட்டை. இரண்டிலும் பால். இரண்டிலும் ஆடை படிந்திருந்தது. ஊற்றி வைத்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"இது யாருக்கு ஏட்டி, ரெண்டாவது?"

"துரைசாணிக்கு."

"துரைசாணியா? அது யாரு?"

"உங்க கையில இருக்காளே, அவதான். புதன்கிழமையே கனி பாய்கிட்டச் சொல்லி வச்சாச்சு. எலிக் கதையும் நான் கட்டினதுதான். அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து, தூசி தட்டி வாசல்ல வைக்கதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதை எங்கிட்ட நேராச் சொன்னா என்ன? நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன்லா?"

பிரமு துரைசாணியை என் கையிலிருந்து வாங்கிக் கொஞ்சிக்கொண்டே சொன்னாள்:

"கூட்டிட்டு வரச் சொன்னா நீங்க போவீகளா? கொண்டு விடணும்னாத்தான் பறந்துல்லா போவீக!"